வீட்டில் பெரிய மீன் தொட்டி: ஜலத்தைப் பண்படுத்தும் முறை

தென்காசி, இலஞ்சி, மேலகரம், குற்றாலம் முதலிய ஊர்களில் புதிதாக வீடு கட்டுவோரில் சிலர், கூடத்தில் ஆறடி நீளமுள்ள கண்ணாடி மீன் தொட்டி ஒன்றை அமைத்துக்கொள்ள விரும்புகின்றனர். வயல் பார்வைக்குச் செல்லுமிடங்களில், நெல்லையும் தென்னையையும் பற்றிப் பேசி முடித்தபின், இத்தொட்டியில் மீன் ஏன் நிலைப்பதில்லை என்று என்னை வினவியவர் பலர். விவசாய இலாகாவைச் சேர்ந்தவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கருதக்கூடும். தொட்டியில் நிகழ்வது வயலில் நிகழ்வதேயாகும். உரமிட்டுப் பயிர் செய்யத் தெரிந்தவர் தாம் முன்பே அறிந்ததை இங்கும் பிரயோகிப்பாராயின், மீன்கள் மாண்டு போவதற்குக் காரணமே பெரும்பாலும் இராது.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் மேலகரத்தில் என் மைத்துனர் வீட்டில் இத்தகைய தொட்டி ஒன்றை நானே முன்னின்று அமைத்தேன். திங்கட்கிழமை ஜலம் நிரப்பினோம். புதன்கிழமை இருபது தங்கமீன்களை வாங்கி விட்டோம். ஜலம் பளிங்கு போலத் தெளிந்திருந்தது. ஐந்தாம் நாள் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று எண்ணி அதிகமாகத் தீனி இட்டோம். பத்தாம் நாளுக்குள் பதினேழு மீன்கள் இறந்தன. "கடைக்காரன் நோய்ப்பட்ட மீனைத் தந்துவிட்டான், அத்தான்" என்றார் மைத்துனர். நானும் அதை ஆமோதித்தேன். கடைக்காரர் மீது யாதொரு குற்றமும் இல்லை என்பது பின்னரே விளங்கிற்று. அமோனியாவின் கணக்கைப் பாடமாகப் படித்துப் பட்டயம் பெற்றவனாகிய நான், அதே அமோனியா தெளிந்த ஜலத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும் என்பதை யோசிக்கவில்லை.

ஜலத்தில் நிகழும் மாறுதல்.— மீன் உண்ணும் தீனியிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அதன் செவுள் வழியாக அமோனியாவாக வெளிப்படுகிறது. உண்ணாமல் விடப்பட்ட தீனியும் கழிவும் அழுகுவதாலும் அமோனியாவே உண்டாகிறது. அமோனியா மிகச் சொற்ப அளவிலேயே மீனுக்கு விஷம். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் விஷமே. அது மீனின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்து, ரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கிவிடும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் பெரும் அளவில் சேர்ந்தாலொழிய மீனுக்குத் தீங்கு செய்வதில்லை; செடிக்கோ அது நேரான உணவு. அமோனியம் சல்பேட்டைப் புன்செய் நிலத்தில் இட்டால் மண்ணில் நடைபெறுவதும் இம்மூன்று படிகளேயாம்.

இவ்விரு துறைகளும் ஒரே குடும்பத்தில் வளர்ந்தன என்பது பலர் அறியாத செய்தி. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், ஏறக்குறைய 12 காலன் ஜலம் கொண்ட கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் இலைகள் அழுகி ஜலம் கெடத் தொடங்கவே, அவற்றைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்தார். மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கண்டு 1850-ல் வெளியிட்டார். அவருடைய புதல்வரும் அதே பெயருடையவர். அவர் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறுவதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தார். அம்மாறுதல் உயிருள்ளவற்றின் செயலே என்று 1877-ல் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் காட்டியதை அவர் வயல் மண்ணில் உறுதிப்படுத்தினார். தந்தையின் கண்ணாடிப் பாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்து வந்ததையே புதல்வர் மண்ணில் தேடிக் கண்டார் எனலாம்.

நம் தேசத்தில் பொதுமக்கள் பார்வைக்கான முதல் மீன் காட்சிசாலை சென்னைக் கடற்கரையில் 1909-ல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. இன்று சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்திற்குப் பெயர் பெற்ற இடமாக விளங்குகிறது. தென் ஜில்லாக்களின் கடைகளிலும் வண்ண மீன்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே தொட்டியும் மீனும் வாங்குவதில் சிரமமில்லை. வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும் காத்திருப்பதிலேயே சிரமம்.

தொட்டியும் அதன் பாரமும்.— ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 680 லிட்டர். விளிம்புக்கு இரண்டங்குலம் கீழே நிறுத்தினாலும் 620 லிட்டர் ஜலம் நிற்கும். கண்ணாடி, மணல் இவற்றையும் கூட்டினால் 800 கிலோவுக்குக் குறையாது. 75 கிலோ நெல் மூட்டை பதினொன்றைப் பன்னிரண்டு சதுர அடி இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வருஷக்கணக்கில் எடுக்காமல் வைப்பதற்கு இது சமம். மரச்சட்டமிட்ட பழைய மச்சு வீடுகளில் மாடியில் வைக்க வேண்டாம். தரைத்தளத்தில், சுவரையொட்டி, செங்கல் அல்லது கான்கிரீட் மேடை கட்டி வைப்பதே உத்தமம். மேடையை ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும்; ஒரு மூலை சிறிது தாழ்ந்தாலும் பாரம் அங்கே கூடிக் கண்ணாடி விரிசல் காணும். அடிக்கண்ணாடி நேராகப் பலகையிலோ மேடையிலோ அமரும் வகைத் தொட்டிக்குக் கீழே அரை அங்குலத் தெர்மாகோல் பலகை விரிப்பது வழக்கம்.

கண்ணாடியின் கனத்தை நிர்ணயிப்பதில் நீளத்தைக் காட்டிலும் உயரமே முக்கியம். ஜலத்தின் அழுத்தம் ஆழத்திற்கேற்பக் கூடுகிறது. குளத்துக் கரையை அடியில் அகலமாகக் கட்டுவதும் இக்காரணத்தாலேயே. இரண்டடி உயரத்திற்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடியும், மேல் விளிம்பில் குறுக்குப் பட்டைகளும் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது கூடாது. சிலிக்கோன் பசை இட்டபின் ஒரு வாரம் உலரவிட்டு, பிறகு வெளியிலேயே ஜலம் நிரப்பி இரண்டு மூன்று நாள் கசிவு பார்த்து, அதன் பின்னரே வீட்டினுள் கொண்டுவர வேண்டும். வெயில் நேரே விழும் ஜன்னலருகில் வைத்தால் பாசி பிடித்து ஜலம் பச்சையாகிவிடும்.

மலையோரத்து ஜலமும் கிணற்று ஜலமும்.— நம் தாலுகாவுக்கே உரிய விசேஷம் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றால மலையிலிருந்து இறங்கும் ஜலம் கடும் பாறைகளின் மேல் ஓடி வருவதால் உப்பும் சுண்ணாம்பும் மிகக் குறைந்த மென்மையான ஜலம்; சோப்பு இட்டால் உடனே நுரைக்கும். தென்காசிக்குக் கிழக்கே செல்லச் செல்லப் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் ஜலம் கடினமானது. பாத்திரத்தில் வெண்மையான படிவு விடும். இவ்விரண்டிலும் மீன் வளர்க்கலாம். இரண்டிலும் வெவ்வேறு ஆபத்து உண்டு.

மென்மையான ஜலத்தில் ஏற்படும் ஆபத்து மெதுவானது. அமோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. வருஷக்கணக்கில் அமோனியம் சல்பேட் மட்டுமே இட்டு வந்த நிலம் புளித்துப் போவதும், அதற்குச் சுண்ணாம்பு இடுவதும் நமக்குத் தெரிந்ததே. சுண்ணாம்புச் சத்தில்லாத தொட்டி ஜலமும் அவ்வாறே சில மாதங்களில் புளிக்கும். புளிப்பு மிகுந்தால் நுண்ணுயிர்களின் வேலை தளர்ந்து அமோனியா மறுபடியும் சேரும். நன்றாகக் கழுவிய கிளிஞ்சல்களை ஒரு வலைப்பையிலிட்டு வடிகட்டியின் ஜலம் அதன்மேல் ஓடும்படி வைத்தால் போதும். வேண்டிய அளவே கரையும். சுண்ணாம்பையே கரைத்து ஊற்றிவிடலாகாது. அது ஒரு நொடியில் காரத்தை ஏற்றி மீனைக் கொன்றுவிடும்.

கடினமான கிணற்று ஜலத்தில் ஆபத்து விரைவானது. ஜலத்தில் காரம் ஏற ஏற அமோனியாவின் விஷம் பெருகும். கார அமில அளவு 7 உள்ள ஜலத்தைக் காட்டிலும் 8 உள்ள ஜலத்தில், அதே அமோனியாவின் விஷப்பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். மேலகரத்தில் நாங்கள் நிரப்பியதும் ஆழ்துளைக் கிணற்று ஜலமே. அன்றியும் ஆழ்துளை ஜலத்தில் பிராணவாயு குறைவு. ஓர் இரவு முழுவதும் காற்று செலுத்திய பின்னரே உபயோகிக்க வேண்டும். கிணற்று ஜலத்துடன் சேமித்த மழைஜலத்தைப் பாதிக்குப் பாதி கலப்பது நான் அநுபவத்தில் கண்ட நல்ல முறை. ஆர்.ஓ. இயந்திரத்தின் ஜலத்தையும் அவ்வாறு கலக்கலாம். அதைத் தனியே நிரப்பினால் தாதுக்கள் இல்லாமையால் மீன் தாங்காது.

அருவிக்குக் கீழே, நீராடுவோரின் எண்ணெயும் சோப்பும் கலந்து ஓடும் ஜலத்தை மொண்டு வரலாகாது. மருந்து தெளித்த வயலின் வாய்க்கால் ஜலமும் உதவாது. பஞ்சாயத்துக் குழாய் ஜலத்தில் குளோரின் இருக்குமானால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் காற்றோட்டத்துடன் வைத்திருந்தால் நீங்கும். குளோரின் மீனின் செவுளை அரிப்பதோடு, நாம் வளர்க்க விரும்பும் நுண்ணுயிர்களையும் அழித்துவிடும்.

ஜலத்தைப் பண்படுத்துதல்.— கார் நடவுக்கு முன் கொழுஞ்சியையோ தக்கைப்பூண்டையோ மடக்கி உழுதவர் மறுநாளே நாற்று நடுவதில்லை. தழை மக்குவதற்கு நாள் விடுகிறார். மீன் தொட்டிக்கும் அந்தப் பொறுமை வேண்டும். தொட்டியில் நன்றாகக் கழுவிய பருமணலை இரண்டங்குலம் பரப்பி, ஜலம் நிரப்பி, வடிகட்டியையும் காற்றுக் குழாயையும் ஓடவிட வேண்டும். 600 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 2,500 லிட்டர் அளவு ஜலத்தைச் சுழற்றும் வடிகட்டி பொருத்தமானது. பிறகு, மீன் இல்லாமலேயே, மீன் இருப்பது போலத் தினம் இரண்டு சிட்டிகை மீன் தீனி இட்டு வர வேண்டும். அது அழுகி அமோனியா உண்டாகும். அதை உண்ணும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் ஒட்டிப் பெருகும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். நெடுநாள் நன்றாக நடந்து வரும் தொட்டியிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால், தயிருக்கு உறை ஊற்றுவது போல அதைப் புது வடிகட்டியில் வைக்கலாம். காலம் பாதியாகக் குறையும்.

அமோனியா வேண்டுமென்றால் ஒரு கரண்டி யூரியாவைப் போட்டாலென்ன என்று பாவூர்ச்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டார். கேள்வி புத்திசாலித்தனமானதே. எனினும் கரண்டி அளவு இதற்கு மிக அதிகம். அமோனியா அளவு மீறினால் அந்த நுண்ணுயிர்களே முடங்கிவிடும். தீனிச் சிட்டிகையே போதும்.

கண்ணால் பார்த்து ஜலம் தயாராகிவிட்டதென்று முடிவு செய்ய இயலாது. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டிகள் வண்ண மீன் கடைகளில் விற்கின்றன. முதலில் அமோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி இட்டு வரும்போதே இவை இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் காணப்படுமானால் தொட்டி தயார். நிலப் பரிசோதனைக்கு மண்ணை அனுப்பும் வழக்கமுடையவருக்கு இதை நான் வற்புறுத்த வேண்டியதில்லை.

மீன்களைத் தேர்ந்தெடுத்தல்.— ஜலத்திற்கேற்ற மீனே நிலைக்கும். கடினமான ஜலத்திற்குக் கப்பி, மோலி, பிளாட்டி முதலிய குட்டியிடும் மீன்கள் ஏற்றவை. மென்மையான ஜலத்திற்கு டெட்ரா, ஏஞ்சல் இவை ஏற்றவை. தங்கமீன் இரண்டிலும் வாழும், ஆனால் பெருந்தீனிக்காரன், கழிவும் மிகுதி. பெரிய தொட்டியிலும் ஆறு அல்லது எட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் நான்கைந்து சிறு மீன்களை மட்டும் விட்டு, இரண்டு வாரம் ஜலத்தைச் சோதித்துப் பார்த்துப் பிறகு சிலவற்றைச் சேர்க்க வேண்டும். நுண்ணுயிர்கள் உள்ள தீனிக்குத் தக்கபடியே பெருகுமாகையால், ஒரேயடியாக மீனைக் கூட்டுவது அவற்றால் இயலாத வேலையைச் சுமத்துவதாகும். புதிய மீன்களை வேறு சிறிய தொட்டியில் இரண்டு வாரம் தனித்து வைத்தல் நன்று. புது மாட்டைக் கோமாரிக்குப் பயந்து தனியே கட்டுகிறோமல்லவா?

தினசரி, வாராந்தரக் கவனிப்பு.— தீனி, இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே இட வேண்டும். பாதிப்பேர் தொட்டியைக் கெடுப்பது தீனியாலேயே. வீட்டுக்கு வரும் குழந்தைகள் எல்லோரும் ஒரு பிடி போடுவார்கள். தீனி டப்பாவை உயரத்தில் வையுங்கள். விளக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம்.

வாரத்திற்கொருமுறை நாலில் ஒரு பங்கு ஜலத்தை, அடிமணலிலுள்ள கசடோடு குழாய் மூலம் உறிஞ்சி எடுத்து, அதே தட்பமுள்ள புது ஜலம் ஊற்ற வேண்டும். முழுத்தொட்டியையும் காலி செய்து, மணலைத் தேய்த்துக் கழுவி, "சுத்தம்" செய்வது பலர் வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் அதை மெச்சுவார்கள். மீன்களோ அடுத்த வாரம் சாகும். வடிகட்டிப் பஞ்சையும் குழாயில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே அலசிப் பிழிய வேண்டும். எடுத்த ஜலத்தைச் சாக்கடையில் விடாதீர்கள். 150 லிட்டர் நைட்ரேட் ஜலம் வாரந்தோறும் கத்தரிக்கும் வாழைக்கும் கிடைப்பது சிறிய லாபமன்று.

மின்சாரம் நிற்கும்போது செய்ய வேண்டியதைப் பலர் அறியார். சேற்று வயலில் காற்றில்லாமையால் அமோனியா நைட்ரேட்டாவது தடைப்படுகிறது. மூடிய வடிகட்டிக்குள்ளும், ஓட்டம் நின்று சில மணி நேரமானால், பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர்கள் இறக்கத் தொடங்கும். மீன்களுக்கு முதலில் தேவை காற்று; ஆகவே பாட்டரியில் ஓடும் சிறிய காற்று இயந்திரம் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். நெடுநேரம் கழித்து மின்சாரம் வந்தால், வடிகட்டியில் தேங்கிய கெட்ட ஜலத்தை வெளியே கொட்டிவிட்டுப் பிறகே ஓட்ட வேண்டும்.

சாரல் காலத்தில் ஜலத்தின் உஷ்ணம் இரவோடிரவாகக் குறையும். அப்போது மீனின் மேல் உப்புத்தூவியது போன்ற வெண்புள்ளி நோய் தோன்றுவதுண்டு. சூடேற்றும் கருவியால் உஷ்ணத்தை ஒரே நிலையில் 27 டிகிரி அளவில் நிறுத்தினால் பெரும்பாலும் இந்நோய் தடுக்கப்படும்.

விவசாயி வீடுகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மருந்து கலந்த வாளியால் தொட்டிக்கு ஜலம் ஊற்றாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் போதாது. தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். போர்டோ கலவையின் மயில்துத்தம் நத்தைக்கும் இறாலுக்கும் சொற்ப அளவிலேயே விஷம். கொசு மருந்தை அக்கூடத்தில் அடிக்கலாகாது. காற்று இயந்திரம் அதை உறிஞ்சி ஜலத்துக்குள் செலுத்திவிடும்.

வேண்டாத மீன்.— மேலகரத்துத் தொட்டியில் எஞ்சிய மூன்று தங்கமீன்களோடு, பாசியைத் தின்னும் என்று வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீன்கள் இரண்டும் பிழைத்திருந்தன. வாங்கியபோது இரண்டங்குலம். ஒன்றரை வருஷத்தில் முழங்கை நீளமாகிச் செடிகளையெல்லாம் பிடுங்கின. நான் ஊரில் இல்லாத ஒரு நாள் அவற்றை ஊர்க் குளத்தில் விட்டுவிட்டார்கள். கொல்லாமல் விட்டது புண்ணியம் என்று வீட்டிலுள்ளோர் கருதினர். தொட்டி அமைக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் எலும்புத் தகடுகளால் மூடப்பெற்றது. நம் மீன்களும் பறவைகளும் எளிதில் உண்ணமாட்டா. கெட்ட ஜலத்திலும் காற்றை விழுங்கிப் பிழைக்கும். கரையைத் துளைத்து வளை தோண்டி அதில் முட்டையிடும். பல தேசங்களில் ஆற்றங்கரைகளை இது சரித்துள்ளது. தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பரவியிருக்கிறது. குளத்துக் கரையையும் மடையையும் கண்காணிக்கும் பொறுப்புடைய கிராம அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

குற்றாலத்தில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. இந்நதிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இங்கே உண்டு. அவற்றுள் ஒரு கெண்டை இனத்தை 1954-ல் சைலஸ் என்னும் விஞ்ஞானி விவரித்து, தாமிரபரணியின் பெயரையே அதற்குச் சூட்டினார். அழியும் அபாயத்திலுள்ள இனமாக அது இன்று கணிக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு மீன் ஒன்று ஆற்றில் இறங்கினால் தீனிக்கும் இடத்துக்கும் போட்டி எழும். அதன் நோயும் கூடவே இறங்கும். எதிர்ப்புறத்திலிருந்து வரும் தீங்கும் உண்டு. அழகுக்காக மலை ஓடைகளில் மீன் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுவருதல். காப்புக்காடுகளுக்குள் மீன் பிடிப்பது குற்றம். மலைக்கு மேற்கே கேரள நதிகளில் வாழும் சிவப்புக் கோடிட்ட டெனிசன் கெண்டை, தொட்டி வியாபாரத்திற்காக ஏராளமாகப் பிடிக்கப்பட்டு அருகிப்போனது. 2022-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. வியாபாரி எவரேனும் அதைக் கொண்டுவந்தால் வாங்க வேண்டாம்.

பெரிதாகிவிட்ட மீனையோ, தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் எஞ்சும் மீன்களையோ, வாங்கிய கடையில் திருப்பித் தருவதும், தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுப்பதுமே முறை. தொட்டிச் செடிகளையும் வாய்க்காலில் எறியாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போட வேண்டும். என் மைத்துனர் வீட்டில் மூன்று தங்கமீன்களும் அதே தொட்டியில் இருக்கின்றன; ஆழ்துளை ஜலத்தோடு மொட்டைமாடி மழைஜலத்தைக் கலந்து ஊற்றி வருகிறோம். ஊர்க் குளத்தில் சென்ற கோடையில் ஜலம் வற்றியபோது நான் சென்று கரையோரம் பார்த்தேன். வடகரையில், மடைக்கு அருகே, கை நுழையும் அளவுள்ள வளைகள் ஏழு இருந்தன. அவை நண்டு வளைகளா, அந்த மீனின் வளைகளா என்று தோண்டிப் பார்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த கோடையில் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துச் சென்று பார்ப்பதாக இருக்கிறேன்.